சுருங்கிய இலைகளும் ஈரமான மண்ணும்: 11 வயது ஹோயா கொடி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வுக்கு உரிய கொடி ஹோயா கார்னோசா. வீட்டுக்குள் வளர்க்கப்படும் ஹோயாக்களில் மிகப் பரவலானது இந்த இனம்தான். தடித்துப் பளபளக்கும் இலைகளும், மெழுகில் வார்த்தது போன்ற சிறு விண்மீன் பூக்கள் குடையாகத் திரண்டு தொங்கும் கொத்துகளும் கொண்டது என்பதால் பலர் இதை மெழுகுப்பூக் கொடி என்கிறார்கள். தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் 1810இல் இந்தப் பேரினத்துக்கு, இங்கிலாந்தில் உள்ள சயான் மாளிகைத் தோட்டத்தின் தலைமைத் தோட்டக்காரராக இருந்த தாமஸ் ஹோய் என்பவரின் பெயரை வைத்தார். கார்னோசா என்ற லத்தீன் சொல்லுக்குச் சதைப்பற்றுள்ளது என்று பொருள். இலையில் நீரைச் சேமிக்கும் செடி என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. நடந்தவை எல்லாம் அந்த ஒரு பண்பை மறந்ததிலிருந்து தொடங்கியவை.

கொடியை முதலில் வளர்த்தவர் முதிய பெண்மணி ஒருவர். 14 சென்டிமீட்டர் விட்டமுள்ள சுடுமண் தொட்டியில், மரப்பட்டைத் துண்டுகளும் தேங்காய் மட்டைத் துண்டுகளும் மிகுந்த கலவையில், கிழக்கு பார்த்த ஜன்னலின் ஓரத்தில் அதை 9 ஆண்டுகள் வைத்திருந்தார். நான்காம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு வெயில் காலத்திலும் அது பூத்தது. வேர்கள் தொட்டியை இறுக்கி நிரப்பியிருந்தன. அதை அவர் குறையாகக் கருதவில்லை, கருத வேண்டியதும் இல்லை. பின்னர் ஜன்னல் வெளிச்சம் குறைந்த வேறு வீட்டுக்கு அவர் குடிபெயர நேர்ந்ததால், கொடியைத் தம் மகளிடம் ஒப்படைத்தார். அப்போது அவர் சொன்ன ஒரே அறிவுரை, "ரொம்பத் தண்ணி ஊத்திடாதேம்மா" என்பதுதான். ரொம்ப என்றால் எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை. தொட்டியைக் கையால் தூக்கிப் பார்த்து எடையைக் கொண்டே முடிவு செய்து பழகியவரால் அதை அளவாகச் சொல்லியிருக்கவும் முடியாது.

மகள் தாவரங்களை நேசிப்பவர். கீரையும் பூச்செடிகளும் நன்றாக வளர்த்தவர். தாயார் கொடுத்த கொடி நெருக்கடியான சிறு தொட்டியில் இருப்பதைக் கண்டு வருந்தி, முதல் மாதத்திலேயே அதை 28 சென்டிமீட்டர் விட்டமுள்ள, மெருகு பூசிய பீங்கான் தொட்டிக்கு மாற்றினார். தோட்டத்து மண்ணோடு மண்புழு உரத்தைச் சரிபாதி கலந்து நிரப்பினார். அடியில் வடிகால் துளை இருந்தாலும், தரை நனையாமலிருக்க அந்தத் தொட்டியைத் துளையில்லாத அலங்காரத் தொட்டி ஒன்றுக்குள் இறக்கி வைத்தார். இடம் வரவேற்பறையின் உட்புறச் சுவரோரம். ஜன்னலிலிருந்து சுமார் மூன்று மீட்டர் தொலைவு. கொடியின் நுனிகளிலிருந்து இலையின்றி நீண்டு தொங்கிய நான்கு குச்சிகளைக் காய்ந்தவை என்று எண்ணி வெட்டிவிட்டார்.

இந்தச் செயல்கள் ஒவ்வொன்றும் வேறு பல செடிகளுக்குச் சரியாகவே இருந்திருக்கும். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், இங்கே கவனக்குறைவு என்பது எங்கும் இல்லை என்பதே.

சிக்கல் வெளிப்பட்ட விதம்

முதல் ஓராண்டில் புதிய இலை ஒன்றுகூட வரவில்லை, பூவும் வரவில்லை. இடம் மாறியதால் கொடி பழகிக்கொள்கிறது என்று உரிமையாளர் கருதினார். 14ஆம் மாதத்தில் இலைகள் பளபளப்பை இழந்து மெல்ல மடங்கத் தொடங்கின. தொட்டால் பழைய தோல் போலத் துவண்டன. தண்ணீர் போதவில்லை என்று முடிவு செய்த அவர், வாரம் ஒருமுறை ஊற்றியதை இரண்டு நாளுக்கு ஒருமுறையாக மாற்றினார். அடுத்த மூன்று வாரங்களில் சுருக்கம் கூடியதே தவிரக் குறையவில்லை. பிறகு அடியிலிருந்த இலைகள் மஞ்சளாகி உதிரத் தொடங்கின. உதிர்ந்தவற்றுள் திடமாக இருந்த மூன்று இலைகளை ஒரு கண்ணாடிக் குவளையில் நீரிட்டு வைத்தார். 16ஆம் மாதத்தில் என்னிடம் கேட்டார். எனக்கு ஹோயா வளர்ப்பில் பல ஆண்டுப் பழக்கம் உண்டு. இந்தக் கொடியை அதன் நல்ல காலத்தில் தாயாரின் வீட்டில் பார்த்தும் இருக்கிறேன்.

நேரில் கண்டவை

சுருங்கிய இலையைக் கண்டதும் மண்ணைத் தொட்டுப் பார்த்தேன். மேல்மண் ஒரு விரற்கடை ஆழம் வரை உலர்ந்திருந்தது. உரிமையாளர் ஏமாந்த இடம் இதுதான். மூங்கில் குச்சி ஒன்றை அடிவரை செலுத்தி ஐந்து நிமிடம் விட்டு எடுத்தபோது, அதன் கீழ்ப்பாதி கறுத்து ஈரமாக வந்தது; அதில் சேற்று நாற்றம் இருந்தது. அலங்காரத் தொட்டியைத் தூக்கிச் சாய்த்தால் அடியில் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் தேங்கியிருந்தது.

ஹோயாவில் இலை சுருங்குவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. மண் வறண்டு, வேருக்கு நீரே கிடைக்காமல் போவது ஒன்று. மண் ஈரமாக இருந்தும் வேர் அழுகி, நீரை உறிஞ்ச முடியாமல் போவது மற்றொன்று. இலையை மட்டும் பார்த்து இரண்டையும் பிரித்தறிவது அனுபவம் உள்ளவர்களுக்கும் எளிதன்று. ஏனெனில் இரண்டு நிலையிலும் இலைக்கு நேர்வது ஒன்றே: சேமித்து வைத்திருந்த நீரை அது செலவழித்துக்கொண்டிருக்கிறது. சுருங்கிய இலை, நீர் தன்னிடம் வந்து சேரவில்லை என்பதை மட்டுமே காட்டுகிறது. தொட்டியில் நீர் இல்லை என்பதற்கு அது சான்றாகாது.

கொடியைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்தோம். வேர்ப்பந்தின் வெளிப்புறம் முழுவதும் பழுப்பு. வேரைப் பிடித்து மெல்ல இழுத்தால் மேலுறை கையோடு வழுக்கி வந்து, உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் எஞ்சியது. அடியிலிருந்து இரண்டு தண்டுகள் கிளம்பியிருந்தன. முதல் தண்டு மண்மட்டத்திலிருந்து ஆறு சென்டிமீட்டர் உயரம் வரை மென்மையாகி நிறம் மாறியிருந்தது. இரண்டாவது தண்டு திடமாக இருந்தது. அதன் அடியில் வெளிர் நிற வேர்கள் ஒரு சிறு கொத்து உயிரோடு இருந்தன. கொடியின் மொத்த நீளம் ஏறத்தாழ இரண்டரை மீட்டர். அதில் ஏழு பழைய பூக்காம்புகள் இருந்தன.

இவ்வளவும் எப்படி நேர்ந்தது என்பதை அங்கேயே உரிமையாளரோடு அமர்ந்து பேசினோம். ஹோயாக்களில் பெரும்பாலானவை காட்டில் மரங்களின் மீது பற்றி வளரும் தொற்றுத் தாவரங்கள். மரப்பட்டையின் வெடிப்பில் சேர்ந்த சருகிலும் பாசியிலும் அவற்றின் வேர்கள் ஓடும். மழை பெய்தால் நனையும், மழை நின்றதும் காற்றில் உலரும். மூச்சுவிட இடமில்லாத நுண்ணிய மண்ணில் வாழும் பழக்கம் அந்த வேர்களுக்கு இல்லை. மேலும், பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்ள, ஹோயா கார்னோசா கள்ளிகளைப் போல இரவில் திறந்து எடுத்துக்கொள்ளும் திறன் கொண்டது. வெயிலின்போது துளைகள் மூடியிருப்பதால் இலை வழியே இழக்கும் நீர் குறைவு; ஆகவே தொட்டியிலிருந்து அது குடிக்கும் நீரும் குறைவு. தொட்டியின் விட்டம் இரு மடங்கானபோது கொள்ளளவு ஏறத்தாழ எட்டு மடங்காகிவிட்டது. குறைவாகக் குடிக்கும் ஒரு செடியைச் சுற்றி எட்டு மடங்கு ஈரமண், அதுவும் பக்கவாட்டில் காற்று புகாத பீங்கானில், வெளிச்சம் குறைந்த மூலையில் இருந்தது. 14 மாதம் அது தாங்கியதே இலைகளில் இருந்த சேமிப்பினால்தான் என்று நினைக்கிறேன்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவில் கருத்து வேறுபாடு இல்லை: அழுகிய வேரையும் அந்த மண்ணையும் முழுவதும் நீக்குவது. முதல் தண்டின் அடிப்பகுதியைக் கைவிடுவதிலும் தயக்கம் இருக்கவில்லை. கடினமானது அடுத்தது.

கொடியின் பெரும்பகுதியைத் துண்டுகளாக வெட்டிப் புதிதாக வேர்விடச் செய்ய வேண்டும் என்று நான் சொன்னேன். உரிமையாளர் மறுத்தார். தாயார் 9 ஆண்டு வளர்த்த கொடியைத் துண்டாக்க மனம் வரவில்லை. திடமாக இருந்த இரண்டாம் தண்டை அப்படியே நட்டுக் காப்பாற்றலாமே என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் ஒரு சிறு கொத்து வேரால் ஒன்றரை மீட்டர் தண்டுக்கும் அதிலுள்ள இலைகளுக்கும் நீர் அளிக்க இயலாது. அதோடு, வெளியே திடமாகத் தெரியும் தண்டின் உள்ளே அழுகல் ஏறியிருக்கிறதா என்பதை வெட்டிப் பார்க்காமல் அறிய வழியும் இல்லை. இறுதியில் இரண்டும் செய்வதென்று உடன்பட்டோம். இரண்டாம் தண்டின் அடிப்பகுதியை நான்கு ஜோடி இலைகளோடும் உயிருள்ள வேர்களோடும் தாய்ச்செடியாக வைத்துக்கொள்வது; மீதிக் கொடியிலிருந்து வெட்டுத் துண்டுகள் எடுப்பது. தாய்ச்செடி தவறினாலும் அதே கொடியின் உயிர் துண்டுகளில் தொடரும் என்பதே என்னுடைய எண்ணம்.

ஒன்பது துண்டுகள் எடுத்தோம். ஒவ்வொன்றிலும் இரண்டு கணுக்கள். கீழ்க்கணுவின் இலைகளை நீக்கினோம், மேல்கணுவின் இலைகளை விட்டோம். கணு கட்டாயம். குவளையில் நீரிட்டிருந்த மூன்று இலைகளைப் பற்றி உரிமையாளர் அப்போது கேட்டார். இலைக்காம்பிலிருந்து வேர் வரக்கூடும், ஆனால் கணுவின் திசு இல்லாத இலை கொடியாக வளர்வதை எதிர்பார்க்க முடியாது. இதய வடிவ இலை ஒன்றை மட்டும் சிறு தொட்டியில் ஊன்றிப் பலர் வாங்கி வைத்திருக்கும் ஹோயா கெர்ரியும் இதே காரணத்தால்தான் ஆண்டுக்கணக்கில் ஒற்றை இலையாகவே நிற்கிறது.

ஹோயா, எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. வெட்டினால் அதைப் போலவே வெள்ளைப் பால் வடியும். கையுறை அணிந்து, ஆல்கஹாலில் துடைத்த கத்தியால் வெட்டி, பால் உறைந்து வெட்டுவாய் உலரும்வரை துண்டுகளைச் சில மணி நேரம் நிழலில் வைத்தோம். நான்கு துண்டுகளில் பழைய பூக்காம்புகள் இருந்தன. வேர்விடும் வரை செடிக்குச் சுமை என்று சிலர் அவற்றைக் கிள்ளிவிடுவார்கள். நாங்கள் கிள்ளவில்லை. ஹோயா கார்னோசா அதே காம்பிலேயே ஆண்டுதோறும் மீண்டும் மொட்டு வைக்கும். காம்பை இழந்தால் செடி புதிதாக ஒன்றை வளர்த்த பிறகே பூக்க வேண்டும். உரிமையாளர் முன்பு வெட்டிய இலையற்ற குச்சிகளும் காய்ந்தவை அல்ல. கொடி பற்றுக்கோடு தேடி முதலில் தண்டை நீட்டும். இலை பிறகுதான் விரியும். அந்த நான்கு குச்சிகள் வெட்டப்பட்டதே முதலாண்டு வளர்ச்சி நின்றதற்கு ஒரு பகுதிக் காரணம் என்று கருதுகிறேன்.

ஐந்து துண்டுகளை, நீரைப் பிடித்து வைக்கும் ஈரமான ஸ்பாக்னம் பாசியிலும், நான்கை பெர்லைட் எனப்படும் எடை குறைந்த வெண்ணிற எரிமலைக் கல் துகள்களிலும் ஊன்றி, மூடியுள்ள ஒளிபுகும் பெட்டியில் வைத்தோம். வேரில்லாத துண்டு நீரை இழக்காமலிருக்க ஈரக்காற்று தேவை. தாய்ச்செடிக்கு மரப்பட்டைத் துண்டு இரண்டு பங்கு, தேங்காய் மட்டைத் துண்டு ஒரு பங்கு, பெர்லைட் ஒரு பங்கு என்ற கலவையும், 12 சென்டிமீட்டர் சுடுமண் தொட்டியும் கொடுத்தோம். மூன்று நாள் தண்ணீர் ஊற்றவில்லை. எல்லாம் கிழக்கு ஜன்னலுக்கு நாற்பது சென்டிமீட்டர் அருகில் வைக்கப்பட்டன.

தொடர்ந்து நடந்தவை

பத்தாம் நாளுக்குள் மூன்று துண்டுகள் அழுகின. அவற்றில் ஒன்று முதல் தண்டின் அழுகிய பகுதிக்கு மிக அருகில் எடுத்தது. அதன் வெட்டுவாயில் மெல்லிய பழுப்பு வளையம் இருந்ததை வெட்டும்போதே பார்த்தேன். இன்னும் ஒரு கணு மேலே போயிருக்க வேண்டும். நீளத்தை இழக்க மனமில்லாமல் விட்டேன். மற்ற இரண்டும் பாசியில் இருந்தவை. பாசியைப் பிழிந்தால் நீர் சொட்டியது. ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. மீதியிருந்த பாசியைப் பிழிந்து தளர்த்தி வைத்தோம். எஞ்சிய ஆறு துண்டுகளும் மூன்றாம் வாரத்திலிருந்து ஐந்தாம் வாரத்துக்குள் வேர் விட்டன. வேர்விட்டு இரண்டு வாரத்தில் அவற்றின் இலைகள் மீண்டும் விறைத்தன. பழைய சுருக்கத்தின் தடம் மட்டும் இரண்டு இலைகளில் நிலைத்துவிட்டது.

நான்காம் வாரத்தில் பெட்டிக்குள் இலைக்கும் தண்டுக்கும் இடையிலான இடுக்குகளில் வெள்ளைப் பஞ்சு போன்ற பொட்டுகள் தென்பட்டன: மாவுப்பூச்சி. இது என் தவறு. வேரழுகலைக் கண்டுபிடித்த மும்முரத்தில் கொடியின் மேற்பகுதியைப் பூச்சிக்காக நான் சோதிக்கவே இல்லை. ஏற்கெனவே ஒளிந்திருந்த சில பூச்சிகளுக்கு, காற்றோட்டமில்லாத வெதுவெதுப்பான பெட்டி ஏற்ற இடமாகிவிட்டது. 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்து ஒவ்வொரு பொட்டையும் துடைத்தோம். முட்டைகளிலிருந்து புதிய குஞ்சுகள் வந்துகொண்டே இருக்கும் என்பதால் ஏழு நாள் இடைவெளியில் நான்கு முறை அதைத் திரும்பச் செய்தோம். பூக்காம்புகளின் நுனியில் பழைய பூக்கள் உதிர்ந்த தழும்புகளுக்கிடையேதான் அவை கடைசிவரை ஒளிந்திருந்தன. மிகவும் பாதிக்கப்பட்ட ஒரு துண்டை மற்றவற்றின் நலனுக்காக அகற்றினோம். ஐந்து மிஞ்சின.

தாய்ச்செடி முதல் ஆறு வாரம் மாற்றமின்றி இருந்தது. ஏழாம் வாரத்தில் ஓர் இலை மஞ்சளானது. பிறகு வாரத்துக்கு ஒன்று என உதிர்ந்து, பதினோராம் வாரத்தில் தண்டு அடியில் மென்மையானது. குறுக்கே வெட்டிப் பார்த்தபோது நடுப்பகுதி முழுவதும் பழுப்பாக இருந்தது. அழுகல் தொடக்கத்திலேயே உள்ளே ஏறியிருக்க வேண்டும். உரிமையாளருக்கு அது பெரும் வருத்தம். தாயாரிடம் அவரே சொன்னார். "துண்டு பிழைச்சிருக்கில்ல, அதுவும் அந்தக் கொடிதானேம்மா" என்று தாயார் பதில் சொன்னதாகப் பின்னர் என்னிடம் தெரிவித்தார்.

ஐந்து துண்டுகளில் மூன்றை ஒரே 12 சென்டிமீட்டர் சுடுமண் தொட்டியில், மேலே சொன்ன கலவையில் சேர்த்து நட்டோம். ஒன்று தாயாரிடம் சென்றது. புதிய வீட்டில் வெளிச்சம் குறைவு என்பதால் ஒரு வளர்ப்பு விளக்கோடு. ஒன்று காப்பாக என்னிடம் இருக்கிறது. நான்காம் மாதத்தில் உரிமையாளரின் தொட்டியில் முதல் புதிய தண்டு இலையின்றி நீண்டது. இம்முறை அவர் அதை வெட்டாமல் ஒரு கம்பி வளையத்தில் சுற்றிவிட்டார். ஆறு வாரத்தில் அதில் இலைகள் விரிந்தன. புதிய வளர்ச்சி தெரிந்த பிறகே, பரிந்துரைத்த அளவில் பாதியாகக் கரைத்த உரநீரை மாதம் ஒருமுறை கொடுக்கத் தொடங்கினார்.

13ஆம் மாதத்தில் பழைய பூக்காம்பு ஒன்றின் நுனியில் மொட்டுகள் தோன்றின. விருந்தினர்கள் பார்க்க வேண்டும் என்று உரிமையாளர் தொட்டியை ஜன்னலிலிருந்து எடுத்து உள்ளே மேசையில் வைத்தார். அந்த நாட்களில் தண்ணீரும் தவறியது. நான்கே நாளில் மொட்டுகள் மஞ்சளாகி உதிர்ந்தன. வெளிச்சம் மாறியதாலா, வேர் வறண்டதாலா என்பதை, இரண்டும் ஒன்றாக நடந்ததால் பிரித்துச் சொல்ல இயலவில்லை. காம்பைத் தொடாமல் விட்டார். இரண்டு மாதம் கழித்து அதே காம்பு மீண்டும் மொட்டு வைத்தது. தொட்டியை அசைக்கவில்லை. ஐந்து வாரத்தில் 17 பூக்கள் விரிந்தன. மாலை மங்கியபின் மணம் அறை முழுவதும் பரவியதாக அவர் எழுதியிருந்தார்.

மீண்டும் செய்ய நேர்ந்தால்

முதலாவதாக, கொடி கைமாறிய நாளில் எதையும் மாற்றாமல் இருப்பதை வலியுறுத்துவேன். வீடு, வெளிச்சம், தொட்டி, மண், வெட்டு ஆகிய அனைத்தும் ஒரே மாதத்தில் மாறின. சிக்கல் வந்தபோது எதனால் என்று பிரித்தறிய முடியாமல் போனதற்கு அதுவே காரணம். வேர் நிரம்பிய தொட்டியை மாற்றத்தான் வேண்டும் என்றால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் பெரியது போதும்.

துண்டுகள் எடுக்கும்போது வெட்டுவாய் முழுவதும் தூய பச்சையும் வெண்மையுமாகத் தெரியும்வரை மேலே மேலே வெட்டிக்கொண்டு போவேன். தாய்ச்செடியாக வைத்த தண்டையும் அதே சோதனைக்கு உட்படுத்தியிருக்க வேண்டும். அடியில் உயிருள்ள வேரைக் கண்ட நிம்மதியில் அதைத் தவிர்த்தோம். அந்த நான்கு ஜோடி இலைகளிலிருந்து இன்னும் இரண்டு துண்டுகளாவது கிடைத்திருக்கும். பெட்டிக்குள் செல்லும் ஒவ்வொரு துண்டையும் பூதக்கண்ணாடியில் பார்த்துத் துடைத்த பிறகே வைப்பேன். துண்டுகளைப் பாசியிலும் பெர்லைட்டிலும் பிரித்து வைத்ததை மட்டும் மாற்றமாட்டேன். ஒரே ஊடகத்தில் வைத்திருந்தால் என்னுடைய ஈரப்பிழை ஒன்பதையும் தாக்கியிருக்கலாம்.

உரிமையாளர் தாமாகவே கொண்டுவந்த மாற்றம் ஒன்று உண்டு. சமையலறைத் தராசில் தொட்டியை நிறுத்து, கலவை முழுதும் உலர்ந்த நிலையில் 640 கிராம், நன்றாக நனைத்து வடியவிட்ட பின் 910 கிராம் என்று ஒரு தாளில் எழுதித் தொட்டியின் மீது ஒட்டியிருக்கிறார். எடை 680 கிராமுக்குக் கீழே வந்தால்தான் தண்ணீர் ஊற்றுகிறார். கொடி வளர வளர அந்த எண்கள் மாறும் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் நிறுத்துத் திருத்துகிறார். சென்ற முறை தாயார் வந்திருந்தபோது தொட்டியைக் கையில் தூக்கிப் பார்த்து, இன்னும் இரண்டு நாள் போகட்டும் என்றாராம். தராசு அப்போது 720 கிராம் காட்டியிருக்கிறது.